அந்தக் கணினியைத் துப்பரவாக்கியது நான்

மகள்,

நீ அனுப்பிய பயிற்சிக் கையேடு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தமிழை மட்டும் நீங்கள் பாருங்கள் அம்மா என்று மேலே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தாய். பார்த்தேன். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் பார்த்தேன். வழக்கில் எதிர்த்தரப்பு கேட்கும்போது கணினியில் இருப்பதை எப்படிக் கையளிக்க வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொட்டால் சான்று கெட்டுப்போகும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை எப்படிக் குறித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கே விளங்கும்படி எழுதியிருக்கிறாய். எழுத்துப் பிழை பதினொன்று. மூச்சுவிடாமல் ஓடுகிற வாக்கியம் மூன்று. அவற்றைத் திருத்தித் தனியாக அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்கில்லை. உன் முதல் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கண்டியில், சட்டத்தரணிகளும் நீதிமன்ற எழுதுவினைஞர்களும் பொலிஸ்காரர்களுமாக முப்பது பேருக்கு முன்னால் நின்று நீ அதை வாசிக்கப் போகிறாய். அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

முதல் பக்கத்தில் நீ சொல்வது இது. யுத்த காலத்தில் கண்டிப் பக்கம் ஒரு தமிழ் அச்சு வேலைக்காரரைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். அவர் குற்றமற்றவர் என்பதற்கான சான்று அவருடைய கணினிக்குள் இருந்தது. அதைக் கைப்பற்றிய, சாஜன் தரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே இருந்ததை அழித்தார். அதனால் அந்த மனிதர் பதினொரு மாதம் மறியல் சிறையில் கிடந்தார். நீ பெயர் போடவில்லைதான். ஆனால் கண்டிப் பொலிஸில் கொஞ்சம் வயதானவர்களுக்கு அந்தச் சாஜன் யார் என்று தெரியும். மறியலில் கிடந்தவர் உன் அப்பா என்பது நமக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். சாஜன் எதையும் அழிக்கவில்லை. அழித்தது நான். கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

உன் அம்மாவுக்குத் துப்பரவுப் பைத்தியம் என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். சிரி, எனக்கென்ன. அது எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஹேவாஹெட்டத் தோட்டத்தை விட்டுக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். கலவரம் கண்டி நகரத்துக்குள் வந்துவிட்டது என்று ஒரு முற்பகலில் செய்தி வந்தது. என் அம்மா அழவில்லை, ஓடவில்லை. வீட்டைத் துப்பரவாக்கத் தொடங்கினார். முருகன் படத்தைக் கழற்றி, மா வைத்திருந்த தகரப் பேணிக்குள் இறக்கினார். தமிழ்ப் பத்திரிகை, நாட்காட்டி, இந்தியாவிலிருந்து சொந்தக்காரர் போட்ட கடிதங்கள், என் பாடசாலைக் கொப்பிகள் எல்லாம் அடுப்புக்குள் போயின. தன் நெற்றியைத் துடைத்தார், என் நெற்றியையும் தோல் எரியும்வரை அழுத்தித் துடைத்தார். பிற்பகல் கூட்டம் வந்து கதவைத் தள்ளிப் பார்த்தது. இது தமிழ் வீடு என்று சொல்ல உள்ளே ஒன்றுமில்லை. அம்மா சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினார், போய்விட்டார்கள். நான்கு வீடு தள்ளி ஒரு வீடு எரிந்தது. அங்கே இருந்தவர்கள் எதையும் அகற்றவில்லை என்றுதான் பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து யுத்தம் முடியும்வரை எங்களைப் போன்ற வீடுகளில் அது பழக்கமாகிவிட்டது. சுற்றிவளைப்பு என்றால், கொழும்பில் குண்டு வெடித்தது என்று வானொலியில் சொன்னால், பெண்கள் முதலில் செய்தது துப்பரவுதான். பாட்டுக் கசட், யாழ்ப்பாணத்து முகவரி எழுதிய கல்யாணப் பத்திரிகை, வவுனியாவில் வேலை பார்த்த தம்பியின் படம், எதுவானாலும் அடுப்புக்கு. அதில் குற்றம் ஏதும் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. தமிழில் இருந்தால் போதும், எரிந்தது. உன் கையேட்டில் நாற்பது பக்கம் இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சான்றை அழிக்கிறவன் என்றால் கள்ளன் என்றோ கள்ளப் பொலிஸ் என்றோதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அப்பாவின் கடை அப்போது வீட்டின் முன்னறையில் இருந்தது. அக்குறணைக் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கணினி, மஞ்சள் பூத்த திரை, இரைச்சல் போடுகிற அச்சுப்பொறி. கோயில் நோட்டிஸ், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் மூன்று மொழியிலும் அடிப்பார், சிங்களம் மட்டும் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான். மின்சாரம் நினைத்தால் போகிற காலம் அது. ஒருமுறை ஒரு மரண அறிவித்தல் முடிகிற நேரத்தில் மின்சாரம் போய், இரண்டு மணிநேர வேலை மறைந்து, இழவு வீட்டுக்காரர் வாசலில் நிற்க, உன் அப்பா அழாத குறை. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பார். சும்மா சேமித்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் புதுப் பிரதியாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுச் சேமிப்பார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கல்யாணத்துக்கு எதற்குப் பதினேழு மாப்பிள்ளை என்று கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் பதினெட்டாவதைச் சேமிப்பார். வெள்ளிக்கிழமை காலையில் கடையைக் கூட்டிச் சாம்பிராணி போடுவதற்கு முன் அந்தக் கணினியையும் நான்தான் கூட்டுவேன். வேண்டாத பிரதிகளை நீக்கி, அதிலிருக்கிற குப்பைக் கூடையை வெறுமையாக்கி, மிச்சத்தை நெருக்கி அடுக்குகிற வேலையை ஓடவிடுவேன். அப்படிச் செய்தால் யந்திரம் வேகமாக ஓடும் என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். அப்படிச் செய்தால் நீக்கியதை எந்த நிபுணராலும் மீட்க முடியாது என்பது அவருக்கும் தெரியாது.

உனக்கு நான்கு வயது. ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பொலிஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. எதற்கு என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, கணினியை எடுக்கப் பிறகு வருவோம் என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நம் ராத்தா, வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, என் அம்மா செய்ததைச் செய்தேன். அலுமாரி, மேசை லாச்சி, சாமி அறை எல்லாம் முடிந்து, அடுப்பு நிறைந்து, பத்து மணிபோல கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தமிழில் பெயர் இருந்த எல்லாவற்றையும் நீக்கினேன். ஒன்றையும் திறந்து வாசிக்கவில்லை. அந்த வாரம் அப்பா அடித்த கல்யாணப் பத்திரிகையின் பதினேழு பிரதியும் அதில் போயிற்று. கூடையை வெறுமையாக்கினேன். வெள்ளிக்கிழமை செய்கிற மாதிரியே அடுக்குகிற வேலையையும் ஓடவிட்டேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. முடிய ஒரு மணிநேரம் எடுத்தது. அந்த ஒரு மணிநேரமும் எனக்கு நிம்மதியாக இருந்தது, மகள். புருஷனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சாஜன் இன்னொரு பொலிஸ்காரரோடு வந்தார். ஹட்டன் பக்கம் நெடுநாள் வேலை பார்த்தவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசினார். அன்று காலை அப்பாவை விசாரித்தபோது அவர்தான் மொழிபெயர்த்தாராம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். யந்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் தெரு முழுக்கப் பார்க்கும், மூடுவதற்கு ஏதாவது கொடுங்கள் என்றார். படுக்கைவிரிப்பு ஒன்று கொடுத்தேன். வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்து அவசர அவசரமாகப் பற்றுச்சீட்டு எழுதினார். திகதி போட்டார், நேரம் போடவில்லை. கையில் தரும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பயப்படாதீங்க நோனா. திங்கக்கெழம பின்னேரம் முழுக்க ஊட்ல கல்யாணக் காட் அடிச்சிக்கிட்டு இருந்தேன்னு ஒங்க மாத்தயா சொல்றாரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மிஷினுக்குள்ள நேரத்தோட பதிஞ்சிருக்குமாம். அது இருந்தா ஆளு நாளைக்கே வந்துருவாரு.”

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் கண்டி பஸ் நிலையத்தில் அப்பா யாரோ ஒருவரிடம் பொதி கொடுத்ததைக் கண்டதாக ஒருவன் சொல்லியிருந்தான் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை அவர் கதிரையை விட்டு எழவில்லை என்பதற்கு அந்தப் பதினேழு பிரதிகளும் நேரத்தோடு சாட்சியாக இருந்தன, காலை பத்து மணிவரைக்கும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஐயோ சேர், நான் பயத்தில் நீக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த அந்த மனிதர் ஒருவேளை நம்பியிருப்பார். சொல்லவில்லை. என்னையும் கொண்டுபோய்விடுவார்கள், நீ தனியாகிவிடுவாய் என்று நினைத்தேன். அது உண்மையும்தான். ஆனால் இத்தனை வருடமும் உன் பெயரைச் சொல்லியே என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன் என்பதும் உண்மை.

கொழும்பு நிபுணர் அறிக்கை தர ஐந்து மாதம் பிடித்தது. கைதான அன்று முற்பகல் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஏராளமான கோப்புகள் நீக்கப்பட்டிருக்கின்றன, மீட்க முடியவில்லை என்று அதில் இருந்தது. குற்றம் இல்லாவிட்டால் ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. உன் அப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம். நமக்காகப் பேசிய சட்டத்தரணி யாழ்ப்பாணத்தவர், கண்டியில் பேர் போனவர், இப்போது உயிரோடு இல்லை. ஒருநாள் பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இதில் நேரம் போடவில்லையே என்று நிமிர்ந்தார். அறையில் அவருடைய இளைய சட்டத்தரணிகள் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்: “பொலிஸ் வரமுந்தி ஒருத்தரும் அதைத் தொடேல்லைத்தானே பிள்ளை?” நான் சொன்னேன்: “இல்லீங்க ஐயா.” எத்தனை மணிக்கு எடுத்துப் போனார்கள் என்று கேட்டார். காலை ஒன்பது மணிக்கு என்றேன். அதைச் சத்தியக்கடதாசியில் எழுதினார்கள், நான் கையெழுத்து வைத்தேன்.

நேரமில்லாத பற்றுச்சீட்டு, ஒன்பது மணிக்கு எடுத்துப் போனார்கள் என்று சத்தியம் செய்கிற மனைவி, பத்து மணிக்கு நீக்கப்பட்ட கோப்புகள். நம் சட்டத்தரணிக்கு அது போதுமாக இருந்தது. பொலிஸ் கையில் இருந்தபோதுதான் அழிக்கப்பட்டிருக்கிறது என்று வாதாடினார். இரண்டு மணிக்குத்தான் எடுத்தோம் என்று சாஜனும் கூட வந்தவரும் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை, அன்று வாசலில் நின்றவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்தார். நீ அவருடைய முகத்தில் தாடியைக் கண்டு பயந்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். ஊரே சந்தோஷப்பட்டது, ராத்தா பிரியாணி அனுப்பினார். அந்தச் சாஜன் மீது உள்விசாரணை வைத்து, பதவி உயர்வை நிறுத்தி, வவுனியா எல்லைக் காவலரணுக்கு மாற்றினார்கள். அங்கே ஷெல் விழுந்து ஒரு காது போயிற்று. உயிரோடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். எதற்கு அம்மா தேங்காய் என்று கேட்டாய். உனக்குச் சோதனை வருகிறதே என்று சொன்னேன்.

பொய் சொல்வது முதல் தடவைதான் கஷ்டம். பிறகு நீயே எனக்கு உதவி செய்தாய். அப்பாவின் கொம்பியூட்டரைப் பொலிஸ் என்ன செய்தது என்று கேட்டுக் கேட்டு, சாப்பிட மறுக்கிற நேரத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொல்ல வைத்தாய். ஆறாம் வகுப்பில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாய். சட்டக் கல்லூரிக்கு ஏன் வந்தாய் என்று யாரோ கேட்டதற்கும் அதையே சொன்னாயாம். உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் படிப்பு, உன் வேலை, நீ இந்தப் பயிற்சிகளை நடத்துகிற பிடிவாதம் எல்லாம் என் பொய்யின் மேல் நிற்கிறது என்று தெரிந்தால் நீ என்ன ஆவாய் என்று பயந்தேன். இப்போதும் பயம்தான். ஆனால் நீ இந்தத் தடவை எழுதியிருப்பது ஒரு பிள்ளையின் கட்டுரை இல்லை. அதை வைத்து ஆட்களைப் பழக்கப் போகிறாய். அந்த மனிதரை முப்பது பேருக்கு முன்னால் திரும்பவும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போகிறாய்.

என் அனுபவத்திலிருந்து உனக்கு இரண்டொரு விஷயம் சொல்லவா? சட்டம் படிக்காதவள் சொல்கிறாள் என்று சிரிக்காதே. யந்திரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அந்த வீட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவளை எப்படிக் கையாள வேண்டும் என்று எழுதவில்லை. ஆளைப் பிடிக்கும்போதே, எதற்காகப் பிடிக்கிறோம், இதைத் தொடாதீர்கள், இது உங்களுக்கே உதவக்கூடும் என்று அவளுக்கு விளங்குகிற மொழியில் சொல்லச் சொல். காலை ஆறு மணிக்கு யாராவது எனக்கு அதைச் சொல்லியிருந்தால் பதினேழு பிரதியும் அப்படியே இருந்திருக்கும். அடுத்தது, இரக்கப்பட்டு அவசரப்படாதே என்று சொல். வாசலில் கூட்டம் கூடினாலும், வீட்டுக்காரி அழுதாலும், நேரத்தை எழுதிய பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று நினைத்த ஒரே காரணத்துக்காக அந்த மனிதர் தன் பதவி உயர்வையும் ஒரு காதையும் இழந்தார்.

சட்டத்தரணிகளுக்கும் ஒன்று சொல். தொடவில்லைத்தானே என்று கேட்டால் இல்லை என்றுதான் எவளும் சொல்வாள். யார் தொட்டது, எப்போது, எதற்கு என்று, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக வைத்துக் கேட்கச் சொல். சொன்னால் உன்னைத் தூக்கிலே போடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல். அந்த ஐயாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்பட்ட பதிலை அவர் கேட்டார், எனக்குத் தேவைப்பட்ட பதிலை நான் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

உன் கையேட்டின் முதல் பக்கத்தை வாசித்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பின்னேரம், வெளியே உட்கார்ந்து பழைய குடை ஒன்றுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். உனக்கு முன்னால் அவருக்குச் சொல்லாமல் எப்படி? பதினொரு மாதம் உள்ளே கிடந்தவர் அவர். பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான்தான் நீக்கினேன் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். குடையைக் கீழே வைத்தார். “பத்து மணிக்கு அந்தச் சாஜன் எனக்கு முன்னாடிதான் ஒக்காந்திருந்தாரு. நான் சொன்னதையெல்லாம் பெரியவருக்குச் சிங்களத்துல சொல்லிக்கிட்டு இருந்தாரு. மிஷின் பின்னேரந்தான் வந்திச்சி, நம்ம படுக்கவிரிப்பு சுத்தி. அப்ப ஊட்ல ஒன்ன விட்டா வேற யாரு?” அறிக்கை வந்த நாளே அவருக்கு விளங்கிவிட்டது. சாஜன் வெறும் மொழிபெயர்ப்புக்கு இருந்ததால் வாக்குமூலத்தில் அவர் பெயர் இல்லை. அவர் அந்த நேரத்தில் அங்கேதான் இருந்தார் என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். மேலதிகாரி வாய் திறக்கவில்லை, பழி ஒருவரோடு போகட்டும் என்று விட்டுவிட்டார். மற்றவர் உன் அப்பா.

“நான் வாயத் தொறந்தா அவரு தப்பிப்பாரு, நீ உள்ள போவ. புள்ளைக்கு நாலு வயசு,” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் தின்று, ஆளுக்கொரு பக்கமாக இதைக் கட்டிக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறோமே, ஒருநாளாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். நீயும் சொல்லலியே என்றார். நீ தெய்வம் மாதிரி வைத்திருக்கிற அப்பாவைப் பற்றியும் இதை எழுத வேண்டியிருக்கிறது. எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். எழுது என்றார்.

நேற்று இரண்டு பேரும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறித் தலாத்துஓயாவில் இறங்கினோம். சாஜனின் வீடு அங்கேதான், விசாரித்துக் கண்டுபிடித்தோம். முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதலில் அப்பாவைத்தான் அடையாளம் கண்டார், கண்டதும் எழுந்து நின்றார். கதிரை போட்டார்கள். ஆயத்தமாகப் போன வார்த்தைகளை மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். ஒரு காது கேட்காதல்லவா, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று கையால் காட்டினார். அதனால் பக்கத்து வேலிக்குக் கேட்கும்படி, நான்தான் அழித்தேன், நீங்கள் இரண்டு மணிக்குத்தான் வந்தீர்கள், ஒன்பது மணி என்று பொய்ச் சத்தியம் செய்தேன் என்று கத்திச் சொன்னேன். அப்பாவும் தன் பங்கைச் சொன்னார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவருடைய மகன் வந்து கதவடியில் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும், பாடசாலை ஆசிரியராம். அவனுக்குத் தமிழ் தெரியாது.

சாஜன் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை, அழவில்லை, மிளகில் கிடந்த ஒரு காம்பை எடுத்து வெளியே போட்டார்.

“நான் செய்யலன்னு எனக்குத் தெரியுமுங்க நோனா. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அங்க நிக்கிறான் பாருங்க எம் மகன். அவங்கிட்ட சொல்லுங்க.”

சிங்களத்தில் திரும்பச் சொன்னேன். என் சிங்களம் உனக்குத் தெரியும்தானே, கடைத்தெருவுக்குப் போதும், இதற்குப் போதாது. சுற்றி வளைக்க வார்த்தை இல்லை. நான் அழித்தேன், உங்கள் அப்பா இல்லை, நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளை தன் அப்பாவைப் பார்த்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு தடவை சொன்னேன், நீ நம்பவில்லை, பிறகு நான் சொல்லவில்லை என்றார் சாஜன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

சமையலறையில் அவருடைய மனைவி மிச்சத்தைச் சொன்னார். ஊரில் சிலர் அந்த நாட்களில் அவருடைய தோளில் தட்டி, நல்ல வேலை செய்தீர்கள், ஒரு புலிக்காரனை உள்ளே வைத்தீர்கள் என்று பாராட்டுவார்களாம். நான் செய்யவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அடக்கம் என்று இன்னும் பாராட்டுவார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் மகன். தப்பே செய்யாத ஒருவரை உள்ளே வைத்தவர் என் அப்பா என்று நினைத்து, வயது வந்ததிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாயிடம் சொல்லித்தான் தகப்பனிடம் கேட்பானாம். நல்ல பிள்ளை, மகள். நீ அவனுடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். என் புருஷன் பதினொரு மாதத்தில் திரும்பி வந்தார். அந்த மனிதருக்குப் பிள்ளை இன்னும் திரும்பி வரவில்லை. இதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

பொய்ச் சத்தியக்கடதாசிக்கு என்ன தண்டனை என்று பார்த்துச் சொல், நான் ஆயத்தம். புதிய சத்தியக்கடதாசி ஒன்று எழுத வேண்டுமென்றால் நீ எழுதாதே, என்னைத் தெரியாத யாராவது எழுதட்டும். என்னோடு நீ கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, அதையும் தாங்கிக்கொள்வேன். உன் வேலையை மட்டும் விட்டுவிடாதே. சனிக்கிழமை நானும் அப்பாவும் மண்டபத்துக்கு வருகிறோம். சாஜனையும் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். பஸ் ஏற நாங்கள் நின்றபோது அவருடைய மகன் பின்னால் ஓடி வந்து, எத்தனை மணிக்கு, எந்த மண்டபம் என்று கேட்டான். அவனுக்கு ஓர் இடம் போட்டு வை. முதல் பக்கத்தை மாற்றி எழுது, அழித்தவள் மனைவி என்று போடு, நான் இருக்கிறேன் என்று தயங்காதே. தமிழில் வாசித்த பிறகு அதைச் சிங்களத்திலும் ஒரு தடவை வாசி, அவன் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

உன் அம்மா